ஒன்பின்சௌங்கில் யாரும் குடியில்லை

கூரைக்கு ஐந்து பேர். இப்போது அப்படித்தான் கணக்காம்.

போன மாதம் எங்கள் பழைய நில அளவை அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பெண்கள் ரங்கூனில் போட்டாதாங் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பெண், பெயர் கலைவாணி. தமிழ் சொன்னால் புரிந்துகொள்வாள். பதில் பர்மிய மொழியில்தான் வரும்; என்னை மரியாதையாகச் சயாமா என்பாள், ஆண்களானால் சயா. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவைத் தாண்டி இருக்கும் ஊர்களின் விவரத்தைப் புதிதாக எழுதுகிறார்களாம். நிலம், வரலாறு, மக்கள் என்று ஒவ்வோர் ஊருக்கும் மூன்று அத்தியாயம். என் வாழ்நாள் முழுக்க நான் பார்த்த வேலை அதுதான். ஆசையாகக் கேட்டேன்.

"எந்த ஊருக்கெல்லாம் போனீங்க?"

"போக வேண்டியதில்லை சயாமா. வானத்திலிருந்து எடுத்த படம் இருக்கு. கூரையை எண்ணி, கூரைக்கு ஐந்து பேர்னு பெருக்கிடுவோம்."

"வரலாறு?"

"பழைய விவரத்திலிருந்து எடுத்துப் போட்டுட்டோம். ரொம்ப நீளமா இருந்தா வெட்டிட்டோம்."

கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கூரைக்கு அடியில் ஐந்து பேர் இருக்கிறார்களா, ஒரு கிழவியும் அவளுடைய ஆடும் இருக்கின்றனவா என்று எந்தப் படம் சொல்லும்? நான் போட்ட சத்தத்தில் மற்றப் பெண் பயந்துவிட்டாள். கலைவாணி மட்டும் சிரித்துக்கொண்டே, "அப்படின்னா உங்க காலத்துல எப்படிச் செய்தீங்கன்னு எழுதிக் கொடுங்க சயாமா" என்றாள். எழுதுகிறேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் இருக்கிறது. அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும்.

என் பெயர் எஸ்தர். அலுவலகத்தில் டோ எய் மியா; மூத்தவர்களுக்கு என்னை இளம்பெண்ணாக மா எய் மியா. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படி வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்று இரண்டு பெயர். அப்பா துறைமுகத்தில் எழுத்தர். பள்ளி முடித்ததும் நில அளவைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். வெயிலில் சங்கிலி இழுத்தேன், சேற்றில் முளை அடித்தேன், கால் விரல்களுக்கு நடுவில் புண் வந்தது, தேறினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். உண்மையான படிப்பு ஊ தௌங் என்ற மேலாளருக்குக் கீழே சேர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

ஊ தௌங் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மழை, வெயில் எதுவானாலும் கையில் கறுப்புக் குடை. திட்ட மாட்டார். நாம் எழுதிய பக்கத்தில் தவறு இருந்தால் அதை நம் முன்னால் வைத்துவிட்டு, பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எந்த வரி என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கும்வரை அந்த மூடி திறக்காது. அதற்கு இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "பார்த்ததா, கேட்டதா?" பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் மூடி விழுந்துவிடும்.

ஓர் ஊரைக் கோடையில் ஒருமுறையும் மழையில் ஒருமுறையும் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது அவருடைய சட்டம். அக்கரை நிலம் அப்படிப்பட்டது. சித்திரையில் மாட்டுவண்டி போகும் பாதை, ஆவணியில் படகு போகும் கால்வாயாக இருக்கும். எல்லையை எழுதும்போது இந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், இருவரும் எல்லைக்கல்லின் பக்கத்தில் நின்று ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். வரலாற்றுக்கு மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் எழுத வேண்டும். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மக்கள்தொகைக்கு வீட்டைப் பார்க்காதே, பானையைப் பார் என்பார். ஒரே கூரைக்குக் கீழே மூன்று அடுப்பு எரியும். மூன்று கூரைக்கு ஒரே பானை கொதிக்கும். யார் எந்தப் பானையில் சாப்பிடுகிறார்கள், ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர் யார், கடலுக்குப் போனவர் யார், திரும்பி வருவாரா என்று ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு வாசிப்பு. எழுதியதை அந்த ஊரிலேயே, ஊர்மக்களைக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிக்க வேண்டும். ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். சொல்லப்படும் ஆட்சேபத்தை எழுதி, அதையும் திருப்பி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. இது எங்கள் விதிப்புத்தகத்தில் இருந்தது. பெரும்பாலானவர்கள் ஊர்த்தலைவரின் காதில் நாலு வரி சொல்லிவிட்டுச் சோறு சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊ தௌங் ஒரு வரி விடமாட்டார். வாசிப்பு முடியும்வரை ஓர் இளநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். முடிந்ததும் இரண்டு குடிப்பார்.

இனி ஒன்பின்சௌங்.

ஒன்பின் என்றால் தென்னை, சௌங் என்றால் ஓடை. அங்குள்ள தமிழர்கள் அதைத் தென்னங்கால் என்பார்கள். ஓடை பெரிய ஆற்றில் விழும் முகத்தில் இருந்த ஊர். தமிழ்க் குடும்பங்கள் அதிகம், பர்மியக் குடும்பங்களும் கரேன் குடும்பங்களும் கொஞ்சம். ஊரின் பிறப்பைப் பற்றி எனக்கு இரண்டு கதை கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கண்டல் காட்டை வெட்டி வரப்புக் கட்டக் கூட்டிவந்த ஆட்கள் அப்படியே தங்கிவிட்டார்கள் என்று இரண்டு வீடுகளில் சொன்னார்கள். துறைமுகத்தில் மேஸ்திரியை அடித்துவிட்டு ஓடிவந்து ஒளிந்தவர்கள்தான் முதல் குடிகள் என்று மூன்றாவது வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டையும் எழுதினேன். முதலை மாட்டை இழுத்துப்போன துறை எது, எந்த வயலில் உப்புத் தண்ணீர் ஏறும் என்பதில் மூன்று வீடுகளுக்கும் ஒரே பேச்சு.

நான் அங்கே போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அடித்த பெரும்புயலில் ஆற்றுக்கரை சரிந்தது. ஊரின் முன்வரிசை வீடுகள் நிலத்தோடு சேர்ந்து ஆற்றுக்குள் போயின. பிழைத்தவர்கள் ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டில், மாரியம்மன் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அதுவும் அவர்கள் ஊர் நிலம்தான். அவர்களுடைய மாடு மேய்ந்த நிலம், அவர்களுடைய செத்தவர்கள் படுத்திருந்த நிலம்.

பிறகு ஆற்றில் பாலம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத அக்கரைச் சேற்றுக்கு ஒரே நாளில் மவுசு வந்துவிட்டது. அந்த மேட்டில் ஒரு கம்பெனி கிடங்கு கட்ட விரும்பியது. நிலத்தின் விவரத்தை எழுத என்னை அனுப்பினார்கள்.

நான் போன முதல் நாள், பாக்கியம் என்ற பெண் வாசலில் முருங்கைக்கீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சற்று மூத்தவள், விதவை. விடியலில் படகேறி ரங்கூனின் லத்தா சந்தையில் கீரையும் கறிவேப்பிலையும் விற்றுவிட்டு மதியம் திரும்புவாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும் எழுதிட்டுப் போக வந்தீகளா? எத்தனையோ பேரு எழுதிட்டுப் போய்ட்டாக. எழுதுன கையும் வரல, எழுதுனதும் வரல."

"நான் எழுதினதை இங்கேயே வாசிச்சுக் காட்டிட்டுத்தான் போவேன் அக்கா. உங்க பானையில எத்தனை பேர் சாப்பிடுறாங்க?"

"என் பானையிலயா? நான், என் மருமக, பேத்தி. நாயச் சேக்கலாமா?"

"மகன்?"

"அவன் பானை மலேசியாவுல கொதிக்குது. எப்ப வருவான்னு அவனத்தான் கேக்கணும். அவன் அப்பாதான் இங்கனயே இருக்காரு." கையிலிருந்த கீரையால் இடுகாட்டுப் பக்கம் காட்டினாள்.

மழையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போய் எழுதி முடித்தேன். மக்கள் அத்தியாயத்தின் முதல் வரி: ஒன்பின்சௌங்கில் வாழ்வோர் நிரந்தரக் குடிகள்.

இந்த வரியின் எடையைச் சொல்லியாக வேண்டும். நிலத்தை எடுக்கும்போது அதில் இருப்பவர் நிரந்தரக் குடி என்றால், அவருக்கு வேறு இடத்தில் மனை கொடுத்தாக வேண்டும். தற்காலிகமாகத் தங்கியவர் என்றால், காலிசெய்யச் சொல்லி ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும்.

நான் எழுதியதைப் பார்த்த மேலதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்தவர், வெளிநாட்டில் படித்தவர், இனிமையாகப் பேசுவார். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"ஒரே ஒரு சொல்லைத்தான் மாத்தணும். 'நிரந்தரக் குடிகள்'னு இருக்கு. 'தற்காலிகமாகத் தங்கியிருப்போர்'னு போட்டுடுங்க."

"நாலு தலைமுறையா இருக்காங்க சயா."

"அந்த நிலம் ஆத்துல போயிடுச்சே. இப்ப இருக்கிற மேட்டுக்குப் புயலுக்கு அப்புறம்தானே வந்தாங்க?"

"முன்வாசல்ல இருந்து பின்வாசலுக்கு வந்தவங்களை வெளியூர்க்காரங்கன்னு எழுதச் சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். "நீங்களும் கலாதானே, அதான் அந்தக் கலாக்கள்மேல உங்களுக்கு இரக்கம். ஆனா நீங்க படிச்சவங்க. அவங்க மாதிரி இல்ல."

கலா என்பது இந்த ஊரில் எங்களைக் கீழாகச் சொல்லும் சொல். பேருந்தில், சந்தையில், வரிசையில் நின்றபோது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நெருப்பு மாதிரி சுட்டது அந்தச் சொல் இல்லை. அதற்குப் பின்னால் பாராட்டு மாதிரி ஒட்டிவைத்த 'அவங்க மாதிரி இல்ல' என்பதுதான். நான் என்ன, அவர்களிலிருந்து பிரித்தெடுத்துக் கழுவிவைத்த பாத்திரமா?

"நான் பார்த்ததை எழுதியிருக்கேன். மாத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் வேறு ஓர் எழுத்தரைக் கொண்டு அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதவைத்தார். நான் எழுதிய வரலாறு முழுவதும் போய், புயலுக்குப் பின் வந்து தங்கியவர்கள் என்று ஒரே வரி. அதை ஊ தௌங்கின் கையெழுத்துக்கு அனுப்பினார். வாசிப்பெல்லாம் தேவையில்லை, அவசரம் என்ற செய்தியும் கூடவே வந்தது.

ஊ தௌங் வாசித்தார். பேனாவின் மூடியைப் போட்டார். வந்த ஆளிடம், "ஊரில் வாசிக்காததில் என் கையெழுத்து விழாது. வாசிப்புக்கு அவரும் வரலாம் என்று சொல்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மா எய் மியா, வியாழக்கிழமை வாசிப்பு. நீங்கள் தமிழில் சொல்ல வேண்டும்" என்றார்.

"எதை வாசிக்கப்போறீங்க சயா? இதையா?"

"இதைத்தான்."

"இது பொய்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கிழித்துப்போட வேண்டிய காகிதத்தை மைக் இல்லாத குறையாக ஊரில் வாசிக்கப்போகிறாராம். விதி, விதி என்று அந்த மனிதர் மரமாகவே போய்விட்டார் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் தகரப் பந்தலில் ஊரே கூடியிருந்தது. பாக்கியம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரி கம்பெனி ஆள் ஒருவரோடு விசைப்படகில் நேராக ஓடைக்குள் வந்து இறங்கினார். அவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். நாங்கள் டாலா வரை படகிலும் அங்கிருந்து சைக்கா என்ற மூன்று சக்கர மிதிவண்டியிலும் வந்து, கடைசித் தூரம் சேற்றில் நடந்து வந்திருந்தோம்.

ஊ தௌங் எழுந்து நின்று வாசித்தார். நிலம் அத்தியாயம் என்னுடையதுதான். ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வரலாறு வந்தது. புயலுக்குப் பின் வந்து தங்கியவர்கள். தமிழில் சொன்னேன். தலையாட்டல் நின்றது. மக்கள் அத்தியாயம் வந்தது.

ஊ தௌங் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "ஒன்பின்சௌங்கில் நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை."

இதை என் வாயால், அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. "தென்னங்கால்ல நிரந்தரமா குடியிருக்கிறவங்க யாரும் இல்லை."

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து. பாக்கியம் சிரிக்கவில்லை.

"யாரு இல்ல?"

நான் ஊ தௌங்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"சயாமா, ஒங்களத்தான் கேக்குறேன். யாரு இல்ல? நாங்க இல்லையா? அப்ப இம்புட்டு நேரமா யாருக்கு வாசிச்சீக?"

இதை ஊ தௌங்குக்குப் பர்மிய மொழியில் சொன்னேன். அவர் குனிந்து எழுதினார். எழுதி, திருப்பி வாசித்தார்: "நாங்கள் இல்லையென்றால் இவ்வளவு நேரம் யாருக்கு வாசித்தீர்கள் என்று பாக்கியம் என்பவர் ஆட்சேபிக்கிறார்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வேறு ஆட்சேபம்?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் அந்தப் பொய்யைக் கிழிக்காமல் கொண்டுவந்தார் என்று. கிழித்திருந்தால் இன்னொன்று எழுதியிருப்பார்கள். இப்போது பொய்க்குப் பக்கத்திலேயே ஊர் முழுவதும் வந்து நின்றது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லாம் எழுதப்பட்டது, எல்லாம் திருப்பி வாசிக்கப்பட்டது. ஊ சோ என்ற பர்மியப் படகோட்டி, "என் அப்பா இந்த ஓடைக்கு வந்தப்போ எங்க ஆழம், எங்க மேடுன்னு காட்டிக்கொடுத்தது இவங்கதான். இவங்க தற்காலிகம்னா நான் யார்?" என்று கேட்டார்.

மேலதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். "போதும், சாரம் புரிந்துவிட்டது" என்று எழுந்தார். ஓடைக்கரைக்குப் போனார். போன வேகத்தில் நின்றுவிட்டார். தண்ணீர் வற்றி, விசைப்படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அந்த ஓடையில், கடல் இறங்கும் வற்றத்தின்போது கொக்குதான் நடக்கும். மறுபடி ஏற்றம் வரும்வரை அவர் எங்கும் போக முடியாது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க சயா, சும்மா ஒக்காந்திருக்கிறதுக்கு எங்காளுங்களப் பாத்துட்டு வரலாம்" என்று பாக்கியம் பர்மிய மொழியிலேயே அவரை இடுகாட்டுக்கு அழைத்தாள். ஊரே எழுந்து நின்றது. அவரால் மறுக்க முடியவில்லை. புதுச் செருப்போடு ஈர மண்ணில் அவர் நடக்க, அவள் ஒவ்வொரு மேடாகக் காட்டிக்கொண்டே போனாள்.

"இது எங்க மாமனாரோட அப்பா. இது மாமனார். இது என் நாத்தனார், பிரசவத்துல போனா. இது என் வீட்டுக்காரரு, புயல்ல போனாரு. சொல்லுங்க சயா, இதுல யாரு தற்காலிகம்?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஊ தௌங் குடையை இடுக்கிக்கொண்டு அதையும் எழுதினார்.

வற்றத்தின் நேரத்தைத் தெரிந்துதான் அவர் வாசிப்பைக் குறித்தாரா? பிறகொரு நாள் கேட்டேன். "விதிப்படி குறித்தேன்" என்றார். அன்று வாசிப்பு முடிந்தும் அவர் இளநீர் வாங்கவில்லை. இன்னும் முடியவில்லை என்றார்.

முடிந்தபோது அது வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தனை ஆட்சேபங்களை மீறி நிலத்தை எடுக்கும் எந்தக் குழுவும் கையெழுத்துப் போடத் துணியவில்லை. நிரந்தரக் குடிகள் என்ற சொல் திரும்பி வந்தது. ஆனால் நிலம் கம்பெனிக்கே போனது. விதிப்படி மாற்று மனை கொடுத்தார்கள். எங்கே? மண் தோண்டிச் செங்கல் சூளைக்கு எடுத்துப்போன பள்ளத்தில். மழைக்காலத்தில் அங்கே அடுப்புக்குள் மீன் நீந்தும். மனை என்றுதான் விதி சொல்கிறது, காய்ந்த மனை என்று சொல்லவில்லையே என்று அலுவலகத்தில் ஒருவர் நகைச்சுவையாகச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. இடுகாட்டைச் சுற்றிக் கிடங்கின் மதில் எழுந்தது. உள்ளே போக வேண்டுமென்றால் வாயிற்காவலனிடம் அனுமதி கேட்க வேண்டும். அவன் ஒருநாளும் கொடுக்கவில்லை.

ஊ தௌங்கை அந்த மழைக்குள்ளேயே வடக்கே மலைநாட்டுக்கு மாற்றினார்கள். மகள் பள்ளி இறுதியில் இருந்ததால் மனைவி இங்கேயே தங்க, தனியாகப் போனார். வழியனுப்பப் போன என்னிடம், அங்கே மழையில் பாதை எப்படி இருக்கும் என்று விசாரித்தீர்களா என்றுதான் கேட்டார். ஒரு சொல் புகார் இல்லை. அவருக்காகவும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. என்னை உள்வரும் தபால்களுக்கு முத்திரை குத்தும் மேசையில் உட்காரவைத்தார்கள். பிறகு ஒருமுறைகூட ஆற்றைத் தாண்டி அனுப்பவில்லை. மேலதிகாரி மேலே போனார். இன்னும் மேலே போனார். படத்தில் கூரை எண்ணும் இந்தப் புது முறை அவர் கொண்டுவந்ததுதான். வாசிப்பு என்ற விதியை எடுத்ததும் அவர்தான். ஏன் எடுத்தார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகக் கூடத்தில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியாவும் கேக்கும் வைத்து விழா நடத்தினார்கள். தலைமை விருந்தினர் அவரே. உறவினர்களை அழைக்கலாம் என்றார்கள். எனக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை, பாக்கியத்தை அழைத்திருந்தேன். நல்ல பச்சை லுங்கி உடுத்தி, கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் பேசினார். என்னுடைய நேர்மையைப் புகழ்ந்தார். பிறகு, "ஒன்பின்சௌங் மக்களுக்கு மாற்று மனை வாங்கிக் கொடுத்தது நம் அலுவலகத்தின் பெருமை. அந்தப் பணியில் டோ எய் மியா என்னோடு துணைநின்றார்" என்றார். கூடம் கைதட்டியது.

துணைநின்றேனாம். வாயில் வந்ததை நான் சொல்வதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பாக்கியம் எழுந்து நின்றாள். சந்தையில் கூவிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"சயா, என்னை ஞாபகம் இருக்கா? ஒன்பின்சௌங். மனை கொடுத்தீங்கன்னு சொன்னீங்க. தண்ணிக்குள்ள இருக்கிற அந்த மனையைப் பத்தி இன்னைக்குப் பேச வரல, நல்ல நாள். எங்க வீட்டுக்காரர் அந்த குடோன் மதிலுக்கு உள்ள இருக்காரு. கேட்டுல விடமாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு போன் போட்டா விடுவாங்க. இப்ப இங்கேயே போடுங்க."

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். சிரிக்க முயன்றார், முடியவில்லை. போனை எடுத்தார். யாரிடமோ சுருக்கமாகப் பேசினார். "நாளைக்குப் போகலாம்" என்றார். "நன்றி சயா" என்று அவள் உட்கார்ந்து மொஹிங்காவைச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குப் போர்த்த வைத்திருந்த சால்வையை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை நானும் அவளும் முதல் படகில் டாலாவுக்குப் போய், சைக்கா பிடித்துக் கிடங்குக்குப் போனோம். வாயிற்காவலன் பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். மேடுகள் இல்லை. இடுகாடு முழுவதும் சிமெண்டு போட்டு, லாரி திரும்பும் இடமாக ஆக்கியிருந்தார்கள். டயர்த் தடங்கள் வட்டமாகக் கறுத்துக் கிடந்தன.

பாக்கியம் அழவில்லை. மதில் மூலையில் நின்று மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும் கோயில் கோபுரத்தின் முனையைப் பார்த்தாள், ஓடைப் பக்கம் பார்த்தாள், சில அடிகள் நடந்தாள், கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாள். "இங்கனதான்" என்றாள். அந்தச் சிமெண்டுத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, பையிலிருந்து செவ்வந்தியை எடுத்து வைத்தாள். வெற்றிலை வைத்தாள். பத்தியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

சரக்கு ஏற்றிய லாரி ஒன்று திரும்ப வந்து, எங்களுக்கு எதிரே நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி நகரச் சொன்னான். காவலன் ஓடிவந்து, பார்த்தாகிவிட்டது அல்லவா, கிளம்புங்கள் என்றான். லாரி மறுபடி ஹாரன் அடித்தது.

பாக்கியம் தலையைத் தூக்கவில்லை. நான் அவள் பக்கத்தில், லாரிக்கு முகம் கொடுத்து உட்கார்ந்தேன்.